வீட்டுக்கு முன் கடைசிப் பேருந்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில், வேலைக்குப் போய்வர வசதியாக எங்கே குடியிருப்பது என்பது பற்றி வந்த கேள்விகள். பதில் தருபவர் தஞ்சாவூரில் அரசுப் பேருந்து நேரக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

தஞ்சாவூர் காந்திஜி சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. காலை 9.30-க்குள் போக வேண்டும், இரவு 9 மணிக்குத்தான் விடுவார்கள். கணவருக்குத் துவாக்குடியில் ஒரு தொழிற்கூடத்தில் ஷிப்ட் வேலை. மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். வல்லத்தில் வீடு பார்த்தால் இருவருக்கும் நடுவில் இருக்கும் என்கிறார் கணவர். அம்மாவோ மாரியம்மன் கோவில் பக்கம் வாடகை குறைவு, அங்கே பார் என்கிறார். மருத்துவக் கல்லூரிப் பக்கம் வாடகை கூடுதலாக இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி, நீடாமங்கலம்

அம்மா, மருத்துவக் கல்லூரிச் சாலைக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே பாருங்கள். வாடகை கூடுதல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து பேருந்துகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம் முழுவதும் நான் கண்டது வேறு. தூரத்தால் அவதிப்பட்டவர்கள் குறைவு. ஒரு பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்து நின்றவர்கள்தான் அவதிப்பட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு நடை ஓடும் தடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், நாளுக்கு ஐந்தாறு நடை மட்டும் ஓடும் தடத்தில் நான்கு கிலோமீட்டரில் இருப்பவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்து உலை வைத்துவிடுவார். ஆகவே வீட்டுக்காரரிடம் தூரம் கேட்க வேண்டாம். இந்தப் பேருந்து போய்விட்டால் அடுத்தது எப்போது, இரவில் கடைசி நடை எப்போது என்ற இரண்டை மட்டும் நிறுத்தத்தில் உள்ள டீக்கடையில் கேளுங்கள்.

இப்போது உங்கள் கணவர் சொல்லும் 'நடுவில்' என்பதைப் பார்ப்போம். துவாக்குடி, தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வல்லமோ தஞ்சாவூரிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில்தான். அது நடுவே இல்லை, தஞ்சாவூரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே குடிபோனால் கணவருக்கு மிச்சமாவது சிறிது நேரம். உங்களுக்கோ ஒவ்வொரு இரவும் பழைய பேருந்து நிலையத்தில் வல்லம் பேருந்துக்காகக் காத்திருப்பு.

இன்னொன்றும் உண்டு. பேருந்தில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. திருச்சிப் பேருந்துகள் புறப்படும் இடம் புதிய பேருந்து நிலையம். அங்கே ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். வழியில் வல்லத்தில் ஏறுகிறவருக்கு நிற்கத்தான் இடம் இருக்கும், அதுவும் காலை நேரத்தில். விரைவாகப் போகும் பேருந்துகள் எல்லாம் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்ளும் என்றும் எதிர்பார்க்க முடியாது. இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கப் போகிற மனிதர் அதற்கு முன்னும் பின்னும் பேருந்தில் நின்றுகொண்டே போய்வரக் கூடாது. சில கிலோமீட்டர் பின்னால் குடியிருந்து, புறப்படும் இடத்திலேயே ஏறி, சன்னல் ஓரத்தில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு இறங்குவது அவர் உடம்புக்கு நல்லது. திருச்சி–தஞ்சாவூர்த் தடத்தில் இரவு முழுவதும் பேருந்து ஓடுகிறது. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் இல்லை. துவாக்குடியில் நின்று போகும் பேருந்துதானா என்று மட்டும் நடத்துனரிடம் கேட்டு ஏறச் சொல்லுங்கள்.

அம்மா சொல்லும் மாரியம்மன் கோவில் உங்கள் கடைக்கு நல்ல இடம்தான், மறுக்கவில்லை. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன. நீடாமங்கலத்துக்குப் போய்வரவும் எளிது, அம்மாவின் மனதில் இருப்பது அதுவாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கணவர் ஒவ்வொரு நாளும் தஞ்சாவூர் நகரம் முழுவதையும் குறுக்கே கடந்துதான் திருச்சிச் சாலையைப் பிடிக்க வேண்டும். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புன்னைநல்லூர் மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டத்தில் அது என்ன பாடு என்பதை அந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் நடுவில் வீடு பார்ப்பது நியாயமாகத் தோன்றும். என் அனுபவத்தில் அது நியாயம் ஆவதில்லை. இரவில் தாமதமாகத் தனியாகத் திரும்புகிறவர் யாரோ, அவருடைய கடைசிப் பேருந்தை வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள். பழைய பேருந்து நிலையத்துக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடையே ரயில் நிலையம், மருத்துவக் கல்லூரி வழியாக நகரப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. கடையை விட்டு இறங்கினால் ஏதாவது ஒன்று வரும். எந்த எண், எந்த நேரம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களை நினைத்துப் பாருங்கள். எந்த ஜவுளிக் கடையும் அப்போது ஒன்பது மணிக்கு மூடுவதில்லை. காந்திஜி சாலை முழுக்க மனிதத் தலைகள், ஆற்றுப்பாலத்தில் வாகனங்கள் நகராது. விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனாலும் பண்டிகை நாளில் யாருக்கு உட்கார நேரம்? அந்த வாரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் பழைய பேருந்து நிலையத்தில் கடைப் பெண்கள் கூட்டமாக நிற்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நகரத்துக்குள் இருப்பவர்கள் முதல் இரண்டு பேருந்துகளில் போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சி நிற்பவர்கள் "அங்கே வாடகை குறைவு" என்று தள்ளிப் போனவர்கள். பேருந்துக் கிளை மேலாளரிடம் பேசி ஒரு நடையைக் கால் மணி தாமதித்து அனுப்ப என்னால் முடிந்த நாட்களும் உண்டு, முடியாத நாட்களும் உண்டு. ஆண்டின் மிகக் கடினமான வாரத்தை வைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்ற வாரங்கள் தாமாகச் சரியாகிவிடும்.

வாடகைக் கணக்கைப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நகரப் பேருந்து தடத்தில் வீடு இருந்தால் உங்கள் மாதப் பயணச் செலவு ஒன்றுமே இல்லை. கடைசி நடையைத் தவறவிட்டால் எடுக்கும் ஆட்டோவும் நகரத்துக்குள் என்பதால் கட்டுப்படியாகும். மகளுக்கு அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால் இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனால் அவளை நடந்து போகும் தூரத்தில் சேர்ப்பதையே நான் விரும்புவேன். மாலையில் இருவரும் வீட்டில் இல்லாத நாட்களில் அவள் பேருந்தை நம்பி நிற்கக் கூடாது.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில் இருவருமாக இரவு ஒன்பதேகாலுக்குப் பழைய பேருந்து நிலையத்துக்கு வந்து, நீங்கள் பார்த்த வீடு வரை பேருந்தில் போய்ப் பாருங்கள். நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எப்படி, கடைகள் திறந்திருக்கின்றனவா என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படாது.

தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை. பாபநாசத்தில் சொந்த வீடு. ரயிலில் தினம் போய்வரலாமா, தஞ்சாவூருக்கே குடிபோய்விடலாமா? – ஒரு வாசகர், பாபநாசம்

தம்பி, போய்வரலாம். சொந்த வீட்டை விட வேண்டாம். மாதாந்திர சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால், தினமும் போக வர டிக்கெட் எடுப்பதில் பாதி விலைகூட ஆகாது. மூன்று மாதத்துக்கு எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம். முன்பதிவுப் பெட்டியில் சீசன் டிக்கெட்டோடு ஏறாதீர்கள், அபராதம் விழும். அதிவிரைவு ரயிலில் போக வேண்டுமானால் அதற்கான கூடுதல் கட்டணத்தைத் தனியாகச் செலுத்தியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே இரட்டைப் பாதை. உங்கள் கும்பகோணம் பாதை ஒற்றைப் பாதை. எதிரே விரைவு ரயில் தாமதமாக வந்தால் உங்கள் பயணிகள் ரயில் கிராசிங்குக்காக ஏதாவது ஒரு சிறிய நிலையத்தில் நிற்கும். வங்கிக் கவுன்ட்டரை அதற்காகத் தாமதமாகத் திறக்க முடியாது. அலுவலக நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும் ரயிலைப் பிடிக்காமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். நல்ல வேளையாக, பாபநாசம் கும்பகோணம்–தஞ்சாவூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ரயில் கைவிட்டால் பேருந்து இருக்கிறது. இரண்டு வழிகளும் உள்ள ஊரில் இருந்துகொண்டு எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்?

மகனுக்குத் திருச்சி கண்டோன்மெண்டில் அலுவலகம். நாங்களும் அவனோடு குடிபோகிறோம். ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்திருக்கிறோம். பெருமாள் கோயில் பக்கத்தில் என்பதால் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. "தினமும் காவிரிப் பாலம் தாண்ட வேண்டுமே" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். – ஒரு வாசகர், திருவையாறு

ஐயா, உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காக ஸ்ரீரங்கத்தை விட்டுவிட வேண்டாம்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. நகரத்துக்கு வர வேண்டுமானால் ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும். சிந்தாமணிப் பக்கம் ஏறும் காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. அதை மராமத்துக்காக 2022-இன் பிற்பகுதியில் மூடி, 2023 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள். அத்தனை மாதங்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அரைமணிப் பயணத்தை ஒரு மணி நேரமாக்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அந்த நாட்களை இன்னும் பேசுகிறார்கள். காவிரிப் படுகையில் எந்த ஊரில் வீடு பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி அதனால்தான் இது: இந்தப் பாலம் இல்லையென்றால் வேறு எப்படிப் போவேன்?

ஸ்ரீரங்கத்துக்கு இதற்குப் பதில் உண்டு. ஸ்ரீரங்கம் ரயில் நிலையம் விழுப்புரம்–திருச்சி தடத்தில் இருக்கிறது. அங்கே ஏறினால் ரயில் தன் சொந்தப் பாலத்தில் ஆற்றைக் கடந்து திருச்சி சந்திப்பில் இறக்கிவிடும். சந்திப்பிலிருந்து கண்டோன்மெண்ட் பக்கம்தான். ஆகவே வீதிகளுக்குள் ஆழமாகப் போகாமல், ரயில் நிலையத்துக்கும் நடந்து போகலாம், பேருந்துக்கும் நடந்து போகலாம் என்ற இடமாகப் பாருங்கள். மற்ற நாட்களில் அவருக்கு ஒன்றாம் எண் நகரப் பேருந்து போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வழியாக மத்தியப் பேருந்து நிலையம் வரை அது ஓடுகிறது, திருச்சியில் அதை அறியாதவர் இல்லை.

வெளியூர்ப் பேருந்துகளுக்காக 2025-இல் பஞ்சப்பூரில் புதிய முனையம் திறந்துவிட்டார்கள். மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் எல்லா ஊருக்கும் போகலாம் என்று முன்பு சொன்ன கணக்கு இப்போது மாறிவிட்டது. மகனின் வேலை அடிக்கடி மதுரை, திண்டுக்கல் பக்கம் போய்வருவதாக இருந்தால் தெற்கே பஞ்சப்பூர்ப் பக்கமே பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அலுவலகம் மட்டும்தான் என்பதால் ஸ்ரீரங்கம் சரி. வைகுண்ட ஏகாதசி நாட்களில் மட்டும் அவர் வண்டியை எடுக்காமல் ரயிலில் போகட்டும்.

மயிலாடுதுறைக்கு வெளியே புதிய மனைப்பிரிவு ஒன்றில் மனை வாங்க நினைக்கிறேன். "பேருந்து நிலையத்துக்குப் பத்தே நிமிடம்" என்கிறார் தரகர். வயலுக்கு நடுவில் இருக்கிறது. வாங்கலாமா? – ஒரு வாசகர், குத்தாலம்

அந்தப் பத்து நிமிடம் காய்ந்த சாலையில், பகலில், மோட்டார் சைக்கிளில் போனால் ஆகும் பத்து நிமிடம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், கைக்குழந்தையோடு குடை பிடித்துப் போகும் உங்கள் மனைவிக்கு அது எத்தனை நிமிடம் என்பதுதான் எனக்குக் கவலை. மயிலாடுதுறைப் பக்கம் களிமண். மழை பெய்தால் மண் சாலையில் சைக்கிள்கூட உருளாது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நஞ்சை வயலை மேடுபடுத்தி மனை போட்டிருந்தால் மனை மேட்டிலும் வரும் வழி பள்ளத்திலும் இருக்கும். தயவுசெய்து நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். தரகரை அழைக்காமல், பேருந்தில் வந்து இறங்கி, நடந்து போங்கள்.

மனைப்பிரிவுக்குள் நுழைய வாய்க்காலைத் தாண்ட வேண்டுமா என்று பாருங்கள். தாண்ட வேண்டுமென்றால், குழாய் போட்டு மேலே மண் கொட்டி வைத்திருக்கும் அந்தச் சிறு பாலம் யார் கட்டியது, நீர்வளத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அதற்கு முன் வாய்க்கால்களைத் தூர்வார இயந்திரங்கள் வரும். அனுமதியில்லாத அடைப்பை அப்போது எடுத்துவிட்டால் உங்கள் மனைக்கு வழியே இல்லை. எடுக்காமல் விட்டால் மழையில் தண்ணீர் தேங்கி மேல்பக்கத்து வயல்கள் மூழ்கும், அந்த விவசாயிகள் உங்களோடு சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் வாய்க்கால் எங்கே, வண்டிப்பாதை எங்கே என்று தெரிந்துவிடும். காட்டுகிற பாதை பக்கத்து வயல்காரரின் பட்டா நிலமாக இருந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பத்திர விஷயத்தில் நான் வல்லுநன் இல்லை, வழக்கறிஞரைப் பாருங்கள். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு, வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். நம் பகுதியில் இவற்றோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். கோயில் நிலமும் மடத்து நிலமும் இங்கே ஏராளம். அது அப்படிப்பட்ட நிலம் இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

போக்குவரத்துக்கு வருகிறேன். "பேருந்து வசதி உண்டு" என்றால், தடம் உண்டா, நடை உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வந்தாலும் அது தடம்தான். அதை நம்பி வேலைக்குப் போக முடியாது. ஊரில் பேருந்து இரவு தங்கி அதிகாலையில் புறப்படுகிறதா என்றும் விசாரியுங்கள். இரவு தங்கும் பேருந்து உள்ள ஊருக்குக் கடைசி நடையும் உறுதி, முதல் நடையும் உறுதி. பிரதான சாலையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் உங்கள் பக்கம் தடம் வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மினி பஸ் தனியாருடையது, அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம் மன்னம்பந்தலுக்குப் போய்விட்டது. உங்கள் வேலை எந்தப் பக்கம் என்று கடிதத்தில் எழுதவில்லை. அரசு அலுவலக வேலை என்றால் பழைய பேருந்து நிலையத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், மன்னம்பந்தலுக்கு நேர்ப் பேருந்து உண்டா, மாறி ஏற வேண்டுமா என்று பாருங்கள். மாறி ஏறும் பயணத்தில் இரண்டு இடத்தில் காத்திருப்பு. கொஞ்சம் சிறிய மனையாக இருந்தாலும் பிரதான சாலையிலிருந்து ஐந்து நிமிட நடையில் வாங்குங்கள் என்பதே என் முடிவு.

ஏற்கெனவே அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூடுதல் நடை கேட்டுத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். கிளை மேலாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். "பேருந்து வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நேரத்துக்கு, எந்த நிறுத்தத்தில், எத்தனை பேர், எங்கே போக என்று எழுதி, பயணம் செய்கிறவர்களே கையெழுத்துப் போடுங்கள். அப்படி வந்த மனுக்களுக்கு நடை கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ஓடும் ஒரு பேருந்தின் நேரத்தை இருபது நிமிடம் மாற்றினாலே சரியாகிவிடும் என்றால் அதைக் கேளுங்கள், அது சீக்கிரம் நடக்கும்.

கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை வேலை. தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம் மூன்றிலும் வாடகை வீடு கிடைக்கிறது. எதை எடுக்கலாம்? – ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

தாராசுரம், அம்மா. தஞ்சாவூர்ச் சாலையிலேயே இருக்கிறது, 2021-லிருந்து கும்பகோணம் மாநகராட்சிக்குள்ளும் வந்துவிட்டது. நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு, முடியாத நாளில் ஷேர் ஆட்டோவிலும் வந்துவிடலாம். சுவாமிமலை அழகான ஊர், ஆனால் கிருத்திகை நாளில் நீங்கள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில்தான் பக்தர்கள் வந்து இறங்குவார்கள். திருநாகேஸ்வரத்தில் ராகு பெயர்ச்சி சமயம் அப்படியே. பள்ளி நகரின் கிழக்கே இருந்தால் மட்டும் திருநாகேஸ்வரத்தைப் பாருங்கள், அங்கே ரயில் நிலையமும் இருக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்குப் போடுவதாக இருந்தால், 2028-இல் மகாமகம் வருகிறது. 2016-இல் வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தாராசுரத்திலிருந்து உங்கள் பள்ளிக்கு நடந்து போகக் குறுக்கு வழி எது என்று இப்போதே அக்கம்பக்கத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.